யாரும் அசைய வேண்டாம்

குதாயிசியில், ரியோனி ஆற்றைப் பார்த்த
நான்காம் மாடி வீடு. மூன்று நாள் வாடகை.
சொந்தக்காரி மானானா
சமையலறை முக்காலியில்
தன் வீட்டுக்கே விருந்தாளியாய் உட்கார்ந்திருக்கிறாள்.
கூடத்தில் ஒரு கணவன்
பதினோராவது முறையாக
வீட்டைவிட்டுப் போகிறான்.

ஃப்ரிட்ஜின் முனகல் பதிவில் விழுமென்று
தெங்கீஸ் அதன் பிளக்கைப் பிடுங்கியிருந்தான்.
கிளம்பும்போது மறக்காமல் திரும்பச் செருக
தன் கார் சாவியை அதற்குள்ளேயே
பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.
ஒலிக்காரர்களின் பழைய தந்திரம்.

கடைசி ஷாட் சரி என்றானது.
விளக்கை அணைக்கக் கை நீட்டியவர்களிடம் சொன்னான்:
யாரும் அசைய வேண்டாம்.
ஒரு நிமிடம்.
எனக்கு இந்த அறை வேண்டும்.

வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
சும்மா விட்டுவிட்டால்
படம் அங்கே செத்துப்போகும்.
ஒன்றுமில்லாத இடத்தில் போடவும்
ஒன்றுமில்லாததை எடுத்து வைத்திருக்க வேண்டும்,
அதுவும் இதே அறையுடையதை.
அடுத்த அறையின் மௌனம் சேராது,
ரத்த வகை மாதிரி.

நின்றார்கள்.
போய்விட்ட கணவன் வாசலில் பெட்டியோடு.
அழுத மனைவி, கிளிசரின் காயாமல்.
மைக் கழியோடு நுக்ஸார், தும்மலை மூக்கிலேயே இறுக்கியபடி.
ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள்.
விழவில்லை.
கேட்டது.

பதினாறு பேர் நடிக்காமல் நின்ற
அந்த நிமிடத்தைப் படம்பிடிக்க
கேமராவில் ஆளில்லை.

மூன்று மாதம் கழித்து அது என் மேசைக்கு வந்தது.
வெட்டுவதும் ஒட்டுவதும் என் பிழைப்பு.
ஓடும் படத்தில் எதுவும் ஓடவில்லை என்பது
எனக்கு வெகுநாளாகத் தெரியும்:
நொடிக்கு இருபத்துநான்கு நிற்றல்கள்,
நடையை நீங்கள்தான்
உங்கள் காலிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்.
மெய்க்கு அரை மாத்திரைதான் என்று அளந்தவன்
எங்கள் தொழில் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒலி வேறு சாதி.
ஒரு முகத்தை நிறுத்திவைத்து
விடியும்வரை பார்க்கலாம்.
ஒலியை நிறுத்தினால்
ஒலி இல்லை.

முப்பத்தெட்டாவது நொடியில்
ஆற்றிரைச்சலுக்கும் அடியில்
யாரோ படியேறி வருகிறார்கள்.
கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.
தட்டவில்லை.
இறங்கவும் இல்லை.

தெங்கீஸிடம் கேட்டேன். குழாயாக இருக்கும் என்றான்.
இயக்குநர், எந்தப் படி என்றார்.
மானானாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
அவள் மௌனத்தில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு, அப்போது மணி என்ன, என்று மட்டும் கேட்டாள்.
ஐந்தேகால் இருக்கலாம்.
சரி, என்று வைத்துவிட்டாள்.

துடைத்திருக்கலாம். ஒரே ஒரு விசை.
ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் போதாது என்பதால்
அதையே ஒட்டி ஒட்டி நீட்டினேன்.
ஆகவே அந்த வீடு வரும் காட்சிகளில் எல்லாம்,
கணவன் ஒருமுறைதான் போகிறான்,
யாரோ ஒன்பது முறை வருகிறார்கள்.
எழுதியவர் எழுதாத ஆள்.
பெயர்ப்பட்டியல் ஓடும்போது
பெயரில்லாத ஆள்.
வந்த விஷயத்தைச் சொல்லாமல் நிற்க
வாழ்க்கையில் ஒருமுறை கிடைத்த தைரியத்தை
நான் ஒன்பதாக்கிவிட்டேன்.
அது திருட்டா, தானமா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

திபிலீசியில் முதல் காட்சி.
மனைவி தனியாக ரொட்டி வெட்டுகிறாள்.
வசனமில்லை, இசையில்லை.
அந்த அளவுக்கு மெல்லிய ஓசை
எந்த அரங்கிலும் யார் காதிலும் விழாது,
கணக்குப் பார்த்துத்தான் விட்டிருந்தேன்.
மூன்றாம் வரிசையில் மழைக்கோட்டைக் கழற்றாத ஒருவர்
ரொட்டியை விட்டுவிட்டு
மெதுவாகத் திரும்பி
அரங்கின் கதவைப் பார்த்தார்.

மூடித்தான் இருந்தது.
இருட்டில் நாங்கள் இருநூறு பேர்.
அசைய வேண்டாமென்று
எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.